ஆன்டிபாடி ஊசியா, தடுப்பூசியா, மாத்திரையா: கிட்னி மாற்றியவர் வீட்டில் போட்ட கணக்கு

கொரோனாவை ஊரே மறந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு வைகைக் கரையில் முகக்கவசம் போட்ட ஒருவரைப் பார்ப்பது இப்போது அபூர்வம். ஆனால் சிறுநீரகம் மாற்றியவர், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், மூட்டுவாதத்துக்கு ரிட்டுக்சிமாப் ஏற்றிக்கொள்பவர் இருக்கும் வீடுகளில் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இவர்களுடைய எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்தே அடக்கி வைத்திருக்கிறார்கள். நமக்கு மூன்று நாள் சளியாகப் போவது இவர்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் திருமங்கலத்து அத்தான், அக்கா வீட்டுக்காரர், கிட்னி மாற்றியவர். 2025 மே மாதம் கொரோனா மறுபடி செய்தியில் அடிபட்டது. என்பி.1.8.1 என்ற புது உருமாற்றம் ஏப்ரலிலேயே தமிழ்நாட்டில் ஒருவரிடம் கண்டறியப்பட்டது என்று மரபணுக் கண்காணிப்புக் கூட்டமைப்பான இன்சாகாக் சொன்னது. அதே வாரம் நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன் குரல் பதிவு அனுப்பினான்: "அண்ணே, இங்க அத்தான் மாதிரி ஆளுகளுக்கு ஆன்டிபாடி ஏத்துறாங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா. எப்படியாச்சும் அங்க கொண்டாந்துரலாமா?" அக்கா உடனே, "காசப் பத்தி யோசிக்காத தம்பி, நகை இருக்கு" என்றாள். ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கேள்வி என் பக்கம் வந்து நின்றது.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வாங்கவில்லை. ஆன்டிபாடி மோசமான மருந்து என்பதால் எடுத்த முடிவு இல்லை இது. இந்த நோயில் ஓர் ஆன்டிபாடிக்கு உள்ள மதிப்பு, அந்த மாதம் நம் தெருவில் எந்த வைரஸ் திரிகிறது என்பதைப் பொறுத்தது. மருந்துப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதிக்கு முன்னாலேயே மருந்து செல்லாமல் போய்விடலாம். மற்ற வழிகளை இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் ஒப்பிட்டோம்.

ஆசை வருவதில் தப்பில்லை

ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதம். தடுப்பூசி போட்டால் நம் உடம்பே அதைத் தயாரிக்க வேண்டும். ஆன்டிபாடி ஊசியில் தயாரித்த சரக்கை அப்படியே ரத்தத்தில் இறக்குகிறார்கள். போர் போட்டும் தண்ணீர் வராத வீட்டுக்கு லாரித் தண்ணீர்தானே கதி? கிட்னி மாற்றியவர்கள் நிலைமை ஏறக்குறைய அதுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் உறுப்பு மாற்றிய 658 பேரைப் பார்த்து 2021ல் வெளியிட்ட ஆய்வில், எம்ஆர்என்ஏ தடுப்பூசி இரண்டு தவணை போட்ட பிறகும் 54 சதவீதம் பேருக்குத்தான் ஆன்டிபாடி உண்டாகியிருந்தது. மீதிப் பேருக்கு அளவிடும்படியாக எதுவும் இல்லை. அக்காவின் தவிப்பில் நியாயம் இருக்கிறது.

இந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் நோய் வந்து பிழைத்த மனிதரின் ரத்தத்திலிருந்து. ஆன்டிபாடி தயாரிக்கும் அவருடைய பி செல்களைப் பிரித்து, எந்தச் செல் தயாரிக்கும் ஆன்டிபாடி வைரஸை உயிரணுவுக்குள் நுழைய விடாமல் தடுக்கிறது என்று தேடுவார்கள். கிடைத்த ஒன்றின் மரபணுக் குறிப்பைப் படித்து, சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து வந்த செல் வகைக்குள் வைத்து, பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்ப்பார்கள். வெளியே வருவது ஒரே ஒரு வகை ஆன்டிபாடி, கோடிக்கணக்கில். சாதாரணமாக ரத்தத்தில் இதன் அளவு சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆன்டிபாடியின் வால் பகுதியில் சில மாற்றங்கள் செய்து, பாதியாவதற்கே மூன்று மாதம் வரை பிடிக்கும்படி நீட்டியிருக்கிறார்கள்.

இந்த வழி வேலை செய்யுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் நாய்க்கடி ஊசியை நினைத்துப் பார்க்கலாம். ஆழமாகக் கடித்திருந்தால் தடுப்பூசி மட்டும் போட்டு அனுப்பமாட்டார்கள். காயத்தைச் சுற்றியே இன்னொரு மருந்தையும் செலுத்துவார்கள். முன்பு அது குதிரை அல்லது மனித ரத்தத்திலிருந்து எடுத்ததாக மட்டுமே இருந்தது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ராபிஷீல்ட் வந்த பிறகு அதே வேலையை ஒரே வகை மனித ஆன்டிபாடியும் செய்கிறது. ஆண்டுகள் கடந்தும் அது செல்லுபடியாகிறது. காரணம், ரேபீஸ் வைரஸில் அந்த ஆன்டிபாடி பிடிக்கிற இடம் அவ்வளவாக மாறுவதில்லை.

கொரோனாவுக்கு அந்தக் குணம் இல்லை. அதன் மேல்புறத்து ஸ்பைக் புரதத்தின் நுனியில் ஒரு பகுதி, நம் செல்லில் இருக்கும் ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துத்தான் உள்ளே வருகிறது. பிடிக்கும் இடத்திலேயே போய் உட்காரும் ஆன்டிபாடிகள்தான் பலமானவை. ஊரில் நோய் வந்து போன எல்லாருடைய உடம்பிலும் அதே இடத்தைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகள் நிறைய இருப்பதால், வைரஸ் முதலில் மாற்றிக்கொள்வதும் அந்த இடத்தைத்தான். கொஞ்சம் தள்ளி, வைரஸ் எளிதில் மாற்ற முடியாத பகுதிகளைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பலம் குறைவு. பலமும் வேண்டும், பல உருமாற்றத்துக்கும் தாங்க வேண்டும் என்றால் கிடைப்பது அரிது. இந்தத் துறையின் தலைவலியே இதுதான்.

வந்த வேகத்தில் போனவை

வரிசையாகப் பார்த்தால் நிலைமை புரியும். அமெரிக்காவில் முதலில் அவசர அனுமதி வாங்கியது பாம்லானிவிமாப், 2020 நவம்பரில். தனியாகப் போடும் அந்த அனுமதியை 2021 ஏப்ரலிலேயே ரத்து செய்துவிட்டார்கள். புது வகைகள் அதற்குப் பிடிகொடுக்கவில்லை.

அடுத்தது நம் ஊரில் "காக்டெய்ல்" என்று பெயர் வாங்கிய காசிரிவிமாப், இம்டெவிமாப் கூட்டு. டிரம்ப்புக்கு 2020 அக்டோபரில் ஏற்றியது இதைத்தான். ஸ்பைக்கின் இரண்டு வேறு இடங்களைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகளைச் சேர்த்ததால், வைரஸ் ஒன்றில் தப்பினாலும் மற்றதில் மாட்டும் என்பது கணக்கு. 2021 மே மாதம் இந்தியாவுக்கு வந்தது. ரோஷ் தயாரிப்பு, சிப்லா விற்பனை, ஓர் ஆளுக்கு 59,750 ரூபாய். அப்போது இங்கே பரவிக்கொண்டிருந்த டெல்டாவை அது நன்றாகவே பிடித்தது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்விலும், மருத்துவமனையில் சேர்ந்தபோது சொந்தமாக ஆன்டிபாடி உருவாகாத நோயாளிகளிடையே இறப்பு 30 சதவீதத்திலிருந்து 24ஆகக் குறைந்தது. ஆன்டிபாடி ஏற்கனவே இருந்தவர்களுக்குப் பலன் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், யாருக்கு வாங்கலாம், யாருக்கு வாங்கவே கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

பிறகு 2021 நவம்பர் கடைசியில் ஒமிக்ரான். ஸ்பைக்கில் முப்பதுக்கு மேல் மாற்றங்கள், அதில் சுமார் பதினைந்து அந்த நுனிப் பகுதியில். 2022 ஜனவரியில் அமெரிக்கா காக்டெய்லை நிறுத்தச் சொல்லிவிட்டது. 2021 ஜூனில் கடன் வாங்கி இதை ஏற்றிக்கொண்ட வீடு ஏமாறவில்லை. அதே மருந்தை, அதே விலைக்கு, எட்டு மாதம் கழித்து ஏற்றிக்கொண்ட வீடு அத்தனை பணத்தையும் இழந்தது.

சோட்ரோவிமாப்பின் கதை எனக்குப் பிடித்தது. 2003ல் சார்ஸ் வந்து பிழைத்த ஒருவருடைய ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியிலிருந்து உருவானது அது. கோவிட் என்ற நோயே இல்லாத காலத்து ஆன்டிபாடி, பதினேழு ஆண்டு கழித்து வந்த தம்பி வைரஸையும் பிடித்தது! இரண்டு வைரஸும் மாற்றாமல் விட்டுவைத்த ஓர் இடத்தை அது பற்றியிருந்ததுதான் காரணம். முதல் ஒமிக்ரானையும் தாக்குப்பிடித்தது. அடுத்து வந்த பிஏ.2 அதையும் வலுவிழக்கச் செய்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் அதற்கும் விடைகொடுத்தார்கள். அவ்வளவு நம்பிக்கையாகத் தேர்ந்தெடுத்த இடமே அசைந்துகொடுத்த பிறகு, "இது எல்லா உருமாற்றத்துக்கும் கேட்கும்" என்று எந்த நிறுவனம் சொன்னாலும் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. எவுஷெல்ட் என்ற இரட்டை ஆன்டிபாடி, நோய் வருமுன் போட்டுக்கொள்வது, அத்தான் மாதிரி ஆட்களுக்கென்றே வந்தது. ஒமிக்ரானுக்கு முந்தைய வகைகள் இருந்தபோது நடந்த ஆய்வில் அறிகுறியோடு நோய் வருவதை 77 சதவீதம் குறைத்தது. 2021 டிசம்பரில் அனுமதி, 2023 ஜனவரியில் நிறுத்தம். பெப்டெலோவிமாப் 2022 பிப்ரவரியில் வந்து நவம்பரில் போனது. சோட்ரோவிமாப்பும் காக்டெய்லும் இனி வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் அழுத்தமாகவே சொன்னது.

தம்பி சொன்ன ஊசி

நியூஜெர்சித் தம்பி சொன்னது பெமிவிபார்ட். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்றது. இதற்கும் மூலம் 2003 சார்ஸ் வந்து பிழைத்தவரின் ஆன்டிபாடிதான். அதை ஆய்வகத்தில் பல முறை திருத்தி எடுத்திருக்கிறார்கள். 4,500 மில்லிகிராம் மருந்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நம் ஊரில் 2021ல் போட்ட காக்டெய்ல் மொத்தமே 1,200 மில்லிகிராம். அனுமதி கொடுத்த விதமும் வேறு. ஆயிரக்கணக்கானவர்களை இரண்டு அணியாகப் பிரித்து யாருக்கு நோய் வந்தது என்று பார்ப்பதற்குள் வைரஸ் மாறிவிடும் என்பதால், ரத்தத்தில் எவ்வளவு வைரஸைத் தடுக்கும் சக்தி சேர்கிறது என்று அளந்து, பழைய ஆன்டிபாடியோடு ஒப்பிட்டு அனுமதித்தார்கள். குறுக்கு வழி என்று இதைத் திட்டமாட்டேன். ஓடுகிற வைரஸைத் துரத்த வேறு வழி இல்லை. ஆனால் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்பினார்கள் என்று பெரிய ஆய்வில் எண்ணிச் சொன்ன கணக்கோடு இந்த அனுமதி வரவில்லை.

அனுமதிக் கடிதத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த மருந்துக்குக் கட்டுப்படாத வகைகள் நாட்டில் 90 சதவீதத்தைத் தாண்டினால் போடக் கூடாது. விற்கிற இடத்திலேயே "வைரஸ் மாறினால் செல்லாது" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இன்னொன்று, ஆய்வில் மருந்து ஏற்றிக்கொண்ட 623 பேரில் 4 பேருக்கு அனஃபிலாக்சிஸ் என்ற கடுமையான ஒவ்வாமை வந்தது. ஏற்றி முடித்த பிறகு இரண்டு மணி நேரம் உட்கார வைத்துக் கவனிக்கச் சொல்வது அதனால்தான்.

ஐரோப்பாவில் 2025 ஜனவரியில் சிப்பாவிபார்ட் என்ற இன்னொன்று அனுமதி பெற்றது. அதன் துரதிர்ஷ்டம், ஸ்பைக்கின் 456ஆம் இடத்தில் ஒரே ஒரு மாற்றம் இருந்தால் அது வேலை செய்யாது. 2024க்குப் பிறகு பரவிய வகைகளில் பெரும்பாலானவற்றில் அந்த மாற்றம் இருக்கிறது. அனுமதி கையில் கிடைப்பதற்கு முன்பே வைரஸ் முந்திக்கொண்டது.

கொண்டுவர முடியுமா? இங்கே விற்பனை அனுமதி இல்லாத மருந்தைத் தன் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க சட்டத்தில் வழி இருக்கிறது. 12ஏ படிவத்தில் விண்ணப்பம், டாக்டர் சீட்டு, 12பி படிவத்தில் அனுமதி. இரண்டிலிருந்து எட்டு டிகிரி குளிர்ச்சி விடாமல் விமானம் மாறி மதுரை வந்து சேர வேண்டும். ஒரு தவணைக்கே பல ஆயிரம் டாலர், அதுவும் வருஷத்துக்கு நான்கு தவணை. இதெல்லாம் முடிந்து மருந்து ஏறுகிற நாளில் தெருவில் இருக்கும் வைரஸ் எது என்று யாருக்குத் தெரியும்? நகையை எடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னபோது நான் முன்வைத்த காரணம் விலைகூட இல்லை, இந்தக் கேள்விதான்.

தடுப்பூசி பக்கம்

உறுப்பு மாற்றியவர்களுக்குத் தடுப்பூசியில் ஆன்டிபாடி குறைவாக வரும் என்று மேலே சொன்னேன். அதற்காகத் தடுப்பூசியை ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான். தொற்று பிடித்த செல்களைத் தேடி அழிக்கும் டி செல்களையும் தடுப்பூசி பழக்குகிறது. ஆன்டிபாடி பிடிக்கும் நுனிப் பகுதி மாறினாலும், டி செல்கள் அடையாளம் காணும் துண்டுகளில் பல மாறாமல் இருக்கின்றன. நோய் வருவதைத் தடுக்காவிட்டாலும் நுரையீரல் வரை போய் ஆளைச் சாய்ப்பதை அது குறைக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கூடுதல் தவணைகள் என்று பல நாடுகள் வைத்திருப்பதும் இதனால்தான். கோவிட் தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி கிடையாது. கிட்னி மாற்றியவருக்குப் போடலாமா என்று பயந்து தள்ளிப்போடத் தேவையில்லை.

சிக்கல், சரக்கு கிடைப்பதில் இருக்கிறது. ஒமிக்ரானுக்கென்றே புனேயின் ஜெனோவா தயாரித்த ஜெம்கோவாக்-ஓஎம் ஊசிக்கு 2023 ஜூனில் இந்தியாவில் அவசர அனுமதி கொடுத்தார்கள். ஆனால் கேட்கிற ஆள் குறைந்ததும் எந்தத் தடுப்பூசியையும் மருத்துவமனைகள் வாங்கி வைப்பதை விட்டுவிட்டன. சிறுநீரக மருத்துவரிடமே கேட்டு, எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போவதுதான் வழி. வீட்டில் மற்ற எல்லாரும் போட்டுக்கொள்வதும் முக்கியம். அத்தான் வெளியே போய்த் தொற்றை வாங்கி வருவதைவிட, மாட்டுத்தாவணியில் பஸ் மாறிக் கல்லூரி போய்வரும் மகன் கொண்டு வரவே வாய்ப்பு அதிகம்.

இடையில் ஒன்று. "ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே" என்று சித்தப்பா கேட்டார். லேப்பில் எடுக்கும் சாதாரண ஆன்டிபாடி டெஸ்ட், ரத்தத்தில் ஸ்பைக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடி எவ்வளவு என்று சொல்லும். இப்போது திரியும் வகையை அது தடுக்குமா என்று சொல்லாது. எண் ஆயிரக்கணக்கில் வந்தால் தைரியம், சைபர் வந்தால் பீதி, இரண்டாலும் நாம் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. தடுப்பூசிக்குப் பிறகு எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்று பார்க்க இந்த டெஸ்ட்டை நம்பாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2021லேயே சொல்லியிருக்கிறது. அந்தக் காசு மிச்சம்.

நோய் வந்த பிறகு மருந்து: எங்கள் ஓட்டு இதற்கு

உருமாற்றத்துக்கு அசையாத வழி எது என்று பார்த்தால் வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் மேலே வருகின்றன. இவை ஸ்பைக்கைத் தொடுவதே இல்லை. வைரஸ் உள்ளே வந்த பிறகு தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் நொதிகளை முடக்குகின்றன. ஆன்டிபாடிகளிலிருந்து தப்ப வைரஸ் அந்த நொதிகளை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அதனால் டெல்டா போய் ஒமிக்ரான் வந்து, அதன் பேரன் பேத்திகள் வந்த பிறகும் இவை ஓரளவு அப்படியே வேலை செய்கின்றன. ஒரே நோயாளி உடம்பில் மாதக்கணக்கில் வைரஸ் தங்கினால் மட்டும் எதிர்ப்பு உருவாகலாம்.

முதல் பெயர் நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் கூட்டு மாத்திரை, வெளிநாட்டில் பாக்ஸ்லோவிட். அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், ஐந்து நாள் சாப்பிட வேண்டும். தடுப்பூசி போடாத ஆபத்துப் பிரிவினரிடம் நடந்த ஆய்வில், மூன்று நாளுக்குள் ஆரம்பித்தவர்களுக்கு மருத்துவமனை சேர்க்கையும் இறப்பும் 89 சதவீதம் குறைந்தது. ஹைதராபாத்தின் ஹெட்டெரோ இதன் ஜெனரிக் வடிவத்தைத் தயாரிக்கிறது. இத்தனை இருந்தும் அத்தானுக்கு இதை எடுத்தவுடன் கொடுக்க முடியாது.

காரணம் அவர் ஃபோனில் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் அடிக்கிற அலாரம். அது டாக்ரோலிமஸ் நேரம். மாற்றிய கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் காப்பது அந்த மருந்துதான். அதன் அளவு ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் கிட்னிக்கு ஆபத்து, கொஞ்சம் கூடினால் அதே மருந்தே கிட்னியைக் கெடுக்கும். டெஸ்ட் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லேப்புக்குப் போவார். ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து அழுத்தியபடியே வாட்டர் பாட்டிலைத் திறந்து அங்கேயே போட்டுக்கொள்வார். அவ்வளவு கவனமாகக் காக்கிற அளவை ரிட்டோனாவிர் தாறுமாறாக்கிவிடும். மாத்திரையில் ரிட்டோனாவிரைச் சேர்த்திருப்பதே, கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை மடக்கி, நிர்மாட்ரெல்விர் உடம்பில் நீடிக்க வேண்டும் என்பதற்காக. டாக்ரோலிமஸைச் சிதைப்பதும் அதே நொதிதான். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் டாக்ரோலிமஸ் பல மடங்கு ஏறி, கை நடுக்கத்தில் ஆரம்பித்துக் கிட்னி வரை பாதிக்கும். சிறுநீரக மருத்துவர் டாக்ரோலிமஸை நிறுத்திவைத்து, அளவு பார்த்து, மறுபடி தொடங்கச் சொல்லி வழிகாட்டினால் முடியும். பனகல் சாலைப் பக்கம் ஏதோ ஒரு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற சமாச்சாரம் இல்லை.

அதனால் அத்தானுக்கு முன்னால் நிற்பது ரெம்டெசிவிர். பெயரைக் கேட்டதும் பலருக்கு 2021 மே மாதம் ஞாபகம் வரும்: மதுரை மருத்துவக் கல்லூரியில் அரசே விற்றபோது சீட்டோடு நின்ற கூட்டம், கள்ளச்சந்தை விலை. அப்போது பெரும்பாலும் மூச்சுத் திணறல் முற்றிய பிறகு அதைத் தேடினார்கள். அந்தக் கட்டத்தில் அதனால் பெரிய பலன் இல்லை. சீக்கிரம் கொடுத்தால் கதை வேறு. அறிகுறி வந்து ஏழு நாளுக்குள், மூன்று நாள் மட்டும், 200, 100, 100 மில்லிகிராம் என்று ஏற்றியபோது மருத்துவமனை சேர்க்கை 87 சதவீதம் குறைந்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. தடுப்பூசி போடாதவர்களிடம் நடந்த ஆய்வு அது; இன்றைக்கு அதே அளவு பலன் எல்லாருக்கும் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டாக்ரோலிமஸோடு பெரிய தகராறு இல்லை. கிட்னி பழுதானவர்களுக்கும் அளவு குறைக்காமல் கொடுக்கலாம் என்று 2023ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மூன்று நாள் டிரிப் ஏற்ற மதுரை வரை வந்துபோக வேண்டும் என்பதுதான் தொந்தரவு.

மோல்னுபிராவிர் மலிவு. டாக்டர் ரெட்டீஸ் வெளியிட்டபோது ஒரு காப்ஸ்யூல் 35 ரூபாய், முழு கோர்ஸ் 40 காப்ஸ்யூல், ஆக 1,400. வேறு மருந்துகளோடு மோதாது. ஆனால் பிரிட்டனில் 25,000க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் மருத்துவமனை சேர்க்கையையோ இறப்பையோ அது குறைக்கவில்லை. நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் அதைத் தன் சிகிச்சை வழிகாட்டியில் சேர்க்க மறுத்தது. வேறு வழியே இல்லாதபோது பார்க்கலாம்.

மருந்து எதுவானாலும் நாள் கணக்குதான் உயிர். தொண்டை கரகரத்த அன்றே டெஸ்ட் எடுக்க வேண்டும். "ரெண்டு நாள் பார்ப்போம், கஷாயம் குடிப்போம்" என்று தள்ளினால் கதவு சாத்திவிடும். இதற்காக எங்கள் வீட்டில் செய்தது: வீட்டு டெஸ்ட் கிட் இரண்டு வாங்கி வைத்தோம். அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, கொரோனா வந்தால் எந்த மருந்து, டாக்ரோலிமஸை என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டு அவர் கையாலேயே ஃபைலில் எழுதி வாங்கிக்கொண்டாள் அக்கா. ஒரு தவணை ஆன்டிபாடி விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை.

மிச்சம் இருப்பவை

பிளாஸ்மா பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குணமானவர்களின் பிளாஸ்மாவை ஏற்றுவது 2020ல் பெரும் பரபரப்பாக இருந்தது. ஐசிஎம்ஆர் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய பிளாசிட் ஆய்வு, நோய் முற்றுவதையோ இறப்பையோ அது குறைக்கவில்லை என்று காட்டியது. 2021 மே மாதம் வழிகாட்டியிலிருந்தே நீக்கினார்கள். ஒரே ஒரு நல்ல குணம் அதற்கு உண்டு. போன மாதம் குணமானவரின் பிளாஸ்மாவில், போன மாதம் பரவிய வகைக்கான ஆன்டிபாடி இருக்கும். தொட்டியில் தயாரித்த மருந்தைப் போலப் பழசாகாது. அமெரிக்காவில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் இதை விட்டுவைத்திருப்பது அதனால்தான்.

பல உருமாற்றங்களுக்கும் தாங்கும் ஆன்டிபாடிக்காகக் காத்திருக்கலாமா? தேடல் நடக்கிறது. சார்ஸ் வந்து பிழைத்து, பிறகு கோவிட் தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்திலிருந்து சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எஸ்ஏ55 என்ற ஒன்றை எடுத்தார்கள்; ஒமிக்ரான் வரிசையில் பலவற்றை அது தாக்குப்பிடித்திருக்கிறது. டெல்லியில் ஐசிஜிஇபி ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஒமிக்ரானுக்கு முன்பே கொரோனா வந்து தேறிய இந்தியர்களின் ரத்தத்தில் 002-எஸ்21எஃப்2 என்ற ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தன. ஒமிக்ரானின் பிஏ.1 முதல் பிஏ.5 வரையான வகைகளை அது தடுத்தது என்று 2022ல் வெளியிட்டார்கள். ஒமிக்ரானைப் பார்த்தே இராத உடம்பு, அதற்கான ஆன்டிபாடியை முன்கூட்டியே செய்து வைத்திருந்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஆனால் ஆய்வகக் குழாயில் தடுப்பதற்கும் மதுரை ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் பாட்டிலாக இருப்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. நம் நாட்டு நிறுவனம் ஒன்று தயாரித்தால் விலை இறங்கும், 12பி படிவமும் வேண்டாம். அதுவரை இதைத் திட்டத்தில் சேர்க்க முடியாது.

சர்க்கரை, பிரஷர் மட்டும் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்து ஆன்டிபாடி ஊசி தேட வேண்டாம். தடுப்பூசிக்கு உங்கள் உடம்பே பதில் சொல்லும். சொந்தமாக ஆன்டிபாடி இருப்பவருக்கு வெளியிலிருந்து ஊற்றிப் பலன் இல்லை என்று ரெக்கவரி ஆய்வு காட்டிவிட்டது.

ரிட்டுக்சிமாப் ஏற்றிக்கொள்பவர்கள், சில ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் விஷயத்தில் என் பதில் இவ்வளவு உறுதியாக இருக்காது. அவர்களுக்கு ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களே பல மாதங்களுக்கு இருப்பதில்லை. தடுப்பூசியை எப்போது போடுவது என்பதைக்கூட ரிட்டுக்சிமாப் தேதியை வைத்து டாக்டர்தான் குறிக்க வேண்டும். சிலருக்குக் கொரோனா வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விடாமல் பாசிட்டிவாகவே ஓடும். அங்கே மருந்தை அதிக நாள் கொடுப்பதும், ஆன்டிபாடியோ பிளாஸ்மாவோ சேர்ப்பதும் பேச வேண்டிய வழிகள்தான். பேசுவதற்கு முன் சளி மாதிரியை மரபணு வரிசை பார்க்க அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். தமிழக சுகாதாரத் துறைக்குச் சென்னையில் 2021 செப்டம்பரிலிருந்து சொந்த ஆய்வகம் இருக்கிறது. உடம்பில் இருப்பது எந்த வகை என்று தெரிந்த பிறகு, அந்த வகைக்கு எதிராக இந்த ஆன்டிபாடியைச் சோதித்திருக்கிறார்களா என்று கேட்டு, ஆம் என்றால் விலையைப் பற்றிப் பேசலாம்.